அனிசெத்தோவின் பிஸ்கட் டப்பா

அனிசெத்தோ பியே மூன்றாம் வகுப்பைத் தாண்டியதில்லை. கரும்புத் தோட்டக் குடியிருப்பில் பிறந்து, எட்டு வயதில் கத்தி பிடித்து, பிறகு ஒற்றை ஆளாக சிமெண்ட் கல் பட்டறை போட்டவர். ஊரில் பாதிச் சுவர் அவர் வார்த்த கல்தான். நம்பாதவர்கள் தட்டிப் பார்க்கலாம்.

அன்று மதியம் சாப்பிட வந்தவர், பின் சன்னல் பெயர்ந்து கிடப்பதைக் கண்டார். டிவி இருந்தது, கேஸ் சிலிண்டரும் இருந்தது. பிஸ்கட் டப்பாவைத்தான் காணோம். அடையாள அட்டை, பிறப்புச் சான்று எல்லாம் அதற்குள். டொமினிகன் மண்ணில் பிறந்தவர்தான். ஆனால் கறுத்த முகமும் ஹைத்தியப் பெயரும் உள்ளவரிடம் காகிதம் இல்லையென்றால், குடியேற்றத் துறைக்காரர்கள் கண்ணால் பார்த்திராத ஹைத்திக்கு லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

பக்கத்து வீட்டு நூரிஸ் எட்டிப் பார்த்தாள். "டப்பாவுல காசு இருக்கும்னு எடுத்திருப்பான், பெரியவரே. காகிதத்த மாதா கோயில் வாசல்ல போட்டுட்டுப் போவானுங்க, வழக்கந்தானே. ரேடியோவுல சொல்லச் சொல்லுங்க."

"எங்கிட்ட காகிதம் இல்லேன்னு நானே தம்பட்டம் அடிக்கவா? நாற்சந்தியில லாரி நிக்குதுடி!"

"அப்பக் கட்டிலுக்கடியிலயே குடும்பம் நடத்துங்க. சோத்தத் தள்ளி விடறேன்."

சந்துகள் வழியாகச் சுவரோடு சுவராகப் போனார். இரண்டு தெருவைக் கடக்க அரை மணி ஆனது. மருந்துக்கடை மாடியில் ஓர் அறை, அதுதான் ரேடியோ நிலையம்.

அறிவிப்பாளன் ரஃபேலித்தோ அவர் முகத்தைப் பார்த்தான். "பேர விட்டுடலாம் மாமா. 'ஒரு பெரியவர்'னு சொல்லிடறேன்."

அனிசெத்தோ சன்னலுக்கு வெளியே நாற்சந்தியில் நின்ற லாரியைப் பார்த்தார். "ஒரு பெரியவருக்கு எவன்டா கொண்டாந்து கொடுப்பான்? முழுப் பேரையும் சொல்லு. கல் பட்டறைக்காரருன்னும் சேத்துக்க."

லாட்டரி எண்ணுக்காக ஊரே கேட்கிற நேரம். லாரியிலும் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவர் பெயர் ஒலித்ததும் சீருடைக்காரர் இருவர் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். அனிசெத்தோ சன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டார். படியில் காலடிச் சத்தம்.

வந்தவள் கோயில் பெருக்கும் ப்ருதென்சியா. பாவாடை மடிப்பில் காகிதங்கள்.

"காலையிலயே கெடைச்சுது. எனக்கென்ன படிக்கத் தெரியுமா, யாரோடதுன்னு? போட்டோவும் மங்கிக் கெடக்கு. இப்பக் காகிதம் காணோம்னு உங்க பேரு சொன்னான், ஓடியாந்தேன். எந்திரிங்க, பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு!"

கீழே சீருடைக்காரரில் ஒருவர் காத்திருந்தார். "நீதானா பியே? காட்டு."

அட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெகுநேரம் புரட்டினார். பிறகு நீட்டினார். "பத்திரம், பெரியவரே. நாளைக்கு இங்க வேற ஆளுங்க நிப்பாங்க."

ஒரு கையில் இரண்டு கல் தூக்குகிற மனிதர். காகிதங்களைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் போடப் பார்த்தார்; மூன்று தரமும் விரலில் நிற்கவில்லை. ப்ருதென்சியாதான் போட்டுவிட்டாள்.