ஆறாவது துணி

அந்த வீட்டில் எல்லாரும் அவரை டவல் என்றுதான் கூப்பிட்டார்கள். தோளில் எப்போதும் ஒரு துவாலை, இடுப்பில் இன்னொன்று. ஐம்பது வயதிருக்கும், ஒடிசலான உடம்பு. பக்கவாதத்தில் படுத்திருந்த பெரியவரை நான் பார்த்துக்கொண்டேன். பெரியவருடைய மகனை நாங்கள் சார் என்போம். அவருடைய ஸ்போர்ட்ஸ் காரை டவல் பார்த்துக்கொண்டார். காரை ஓட்டுவது அவர் வேலை இல்லை. அதன் என்ஜின் அறையில் தூசியும் ஈரமும் சேராமல் வைத்திருப்பதுதான் வேலை.

இதற்கென்று ஒரு ஆளா என்று நானும் முதலில் சிரித்தேன். அந்தக் காரில் இரண்டே சீட். என்ஜின் முன்னால் இல்லை. சீட்டுக்குப் பின்னால், உட்கார்ந்திருப்பவர் முதுகை ஒட்டி இருக்கும். சூடு வெளியே போக அதன் மூடியில் பிளவுகள் உண்டு. சூடு போகிற வழியாகவே மழைத்தண்ணீரும் காய்ந்த இலையும் உள்ளே வந்துவிடும்.

டவல் முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். அங்கே ஒருநாள் அவசரத்தில் ஒரு காரின் என்ஜினை ஓஸ் பைப்பால் பீச்சியடித்துக் கழுவிவிட்டார். வயரில் தண்ணீர் இறங்கி, வண்டி நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த லாரி இடித்தது. யாருக்கும் பெரிய அடி இல்லை, ஆனால் அன்றைக்குப் பிடித்த பயம் அவரை விடவில்லை. அதற்குப் பிறகு என்ஜின் பக்கம் பைப்பைக் கொண்டுபோனதே கிடையாது. ஃபியூஸ் பெட்டிக்கும் காற்று இழுக்கும் வாய்க்கும் பாலிதீன் பை கட்டுவார். பிழிந்த துணியால் துடைப்பார், காய்ந்த துணியால் ஒற்றுவார், புளோயரால் காற்றடிப்பார். கடைசியில் ஈரம் தங்கும் ஆறு மூலைகளில் ஆறு மஞ்சள் துணிகளைச் சொருகிவைப்பார். காலையில் அவற்றை எடுத்து ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். கையை விடக் கன்னத்துக்கு ஈரம் நன்றாகத் தெரியுமாம். பெரியவரின் படுக்கை விரிப்பை நானும் அப்படிப் பார்த்தேன். உண்மைதான்.

"ஏன்ணே, கைக்குழந்தையைக்கூட யாரும் இப்படி நொடிக்கொரு தரம் தொட்டுப் பாக்க மாட்டாங்களே" என்றேன் ஒருநாள்.

"குழந்தை நனைஞ்சா அழும் சிஸ்டர். இது அழாது. பாதி வழில நின்னுடும்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

"பேய்னா பரவாயில்ல, வேப்பிலை அடிச்சா ஓடிடும். ஈரம் ஓடாதே" என்றார்.

அது ஒரு சனிக்கிழமை காலை. சாரின் மகளுக்கு, பதினொரு வயது, பக்கத்து ஊரில் நீச்சல் போட்டி. சார் அவளை அந்தக் காரில் கூட்டிப்போவதாக இருந்தார். நான் மாடியில் பெரியவருக்கு மாத்திரை கொடுத்தேன். தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. முகம் நீலம் பாய்ந்தது. கனத்த உடம்பு, ஒருக்களித்துப் போட என் ஒருத்தியால் முடியவில்லை. ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"அண்ணே, ஓடி வாங்க!"

டவல் போட்டது போட்டபடி ஓடிவந்தார். இரண்டு பேருமாகப் பெரியவரைப் புரட்டி, முதுகில் தட்டி, மூச்சு சீராகும்வரை பிடித்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். கீழே கார் உறுமிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. டவல் கீழே இறங்கினார்.

போன வேகத்தில் திரும்பி மாடிக்கு வந்து அறை வாசலில் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"சிஸ்டர், அஞ்சுதான் இருக்கு."

எனக்கு விளக்கத் தேவை இருக்கவில்லை. பஞ்சையும் கட்டுத்துணியையும் எண்ணி வை, எண்ணி எடு என்றுதான் எங்களுக்கு நர்ஸ் பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"வாளியைக் கவுத்துப் பாத்துட்டேன். பின்மூலைத் துணி இல்ல. புகைக் குழாய்க்கு மேல வச்சது. எடுக்கறதுக்குள்ள நீங்க கூப்பிட்டீங்க. சார் வந்து மூடியைச் சாத்திட்டுக் கெளம்பிட்டாரு போல."

"அந்தக் குழாய் எவ்வளவு சூடாகும்?"

"ராத்திரியில பாத்தா செவப்பாத் தெரியும், அவ்வளவு. அதுக்கு ரெண்டு சாண் முன்னால பாப்பாவோட முதுகு."

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? என்னைக் கொன்னுடுவாங்க."

"கொல்றதை சாயங்காலம் வச்சுக்கச் சொல்லலாம். இப்ப வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

சாரின் மனைவியிடம் இரண்டே வாக்கியத்தில் நானே சொன்னேன். அவர் உடனே போன் செய்தார். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அந்தக் காரில் ஏறினால் சார் போனை அணைத்துவிடுவார். என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும் அவருக்கு.

"வழியில எங்கயாவது நிப்பாரா?" என்று கேட்டேன்.

"பைபாஸ் ஏறுறதுக்கு முன்னாடி பெட்ரோல் பங்க்ல..." என்று ஆரம்பித்தவர், சொல்லி முடிக்காமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

பங்க் நம்பர் யாரிடமும் இல்லை. "பெரியவர் பக்கத்துலயே உக்காருங்க. தலை உயரமாவே இருக்கட்டும். போனை விடாம அடிச்சுக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு என் ஸ்கூட்டரை எடுத்தேன். டவலுக்கு எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது. பின்னால் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது.

"மெதுவாப் போங்க சிஸ்டர்."

"மெதுவாவா?"

"இல்ல, வேகமாப் போங்க. ஐயோ, லாரி! மெதுவா, மெதுவா!"

"ஒண்ணு வாயை மூடுங்க, இல்ல கண்ணை மூடுங்க!"

இரண்டையும் மூடிக்கொண்டார் போலிருக்கிறது. அதன் பிறகு சத்தமில்லை. என்ஜின் சூடேறிப் பதமாகும்வரை சார் ஊருக்குள் மெதுவாகத்தான் ஓட்டுவார். அந்த மெதுவை நம்பித்தான் போனோம். ஏறிக்கொண்டிருந்த அந்தச் சூட்டை நினைத்துத்தான் நடுங்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் புகை தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியாதபோதும் நிம்மதி வரவில்லை.

பங்க்கில் கார் வரிசையில் மூன்றாவதாக நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வாடையோடு இன்னொரு வாடையும் வந்தது. துணி கருகும் வாடை. டவல் வண்டி நிற்பதற்குள் குதித்தார். ஓடினார். காரின் கூரையைத் தட்டிக்கொண்டு நின்றார்.

சார் என்னைப் பார்த்ததும் பாய்ந்து இறங்கினார்.

"சிஸ்டர், அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"அப்பா நல்லா இருக்கார். என்ஜினை நிறுத்துங்க. பாப்பாவை இறக்குங்க. என்ஜின்ல துணி இருக்கு."

நான் அந்தப் பக்கக் கதவைத் திறந்து பெண்ணைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன், சாலையோரம் வரை கூட்டிப்போய் நிறுத்தினேன். சார் என்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். பங்க் ஆட்கள் இரண்டு பேரும் சாருமாகக் காரைப் பின்னால் தள்ளி, காற்றடிக்கும் மூலைக்குக் கொண்டுபோனார்கள். ஒருவர் தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மூடியை வேறு யாரையும் டவல் தொட விடவில்லை.

"முழுசாத் தொறந்தா காத்துப் பட்டுப் பத்திக்கும் சார். தள்ளி நில்லுங்க."

ஒரு சாண் அளவு தூக்கினார். மெல்லிய புகை வந்தது. கையை உள்ளே விட்டார். பின்மூலையிலிருந்து துணியை உருவியெடுத்தார். பாதி கரி. கரிக்கும் மஞ்சளுக்கும் நடுவில் சிவப்பாக ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் மணல் வாளிக்குள் அமுக்கினார். சிலிண்டர் வைத்திருந்தவர் அப்போதுதான் அதைக் கீழே வைத்தார்.

டவலின் மூன்று விரலும் உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டன. பங்க் குழாயடியில் உட்காரவைத்து இருபது நிமிடம் தண்ணீர் விட்டேன். யாரோ புண்ணில் தடவப் பற்பசை கொண்டுவந்தார். அதைக் கொண்டுவந்தவரையே பல்லுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

சார் எதிரே வந்து நின்றார். பயம் போனதும் மனிதருக்குக் கோபம் வரும், வந்தது.

"வேலையைப் பாதில விட்டுட்டு எங்கய்யா போனே? என் பொண்ணு உள்ள இருந்தா!"

"தப்பு என்னுதுதான் சார். எண்ணாம நான் நகர்ந்திருக்கக் கூடாது."

நான் குழாயை மூடவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. "நான்தான் கூப்பிட்டேன் சார். உங்கப்பாவுக்கு மூச்சு அடைச்சுது. இவர் வரலைன்னா, அப்பாவுக்கு என்னன்னு நீங்க கேட்டீங்களே, அதுக்கு வேற பதில் சொல்லியிருப்பேன். மூடியைச் சாத்தினது யாருன்னு எனக்குத் தெரியாது."

சார் சாலையில் போன ஒரு டாக்ஸியை நிறுத்தினார். மகளை அதில் ஏற்றி, தானும் ஏறிப் போய்விட்டார். சாவி காரிலேயே இருந்தது. அதைத் தொட டவலுக்குத் துணிவில்லை. என்ஜின் ஆறும்வரை அதன் பக்கத்திலேயே நின்றார். அப்புறமும் டார்ச் அடித்து மூன்று தடவை உள்ளே பார்த்தார்.

"திங்கட்கிழமை என்னை வர வேண்டாம்னுதான் சொல்லுவாங்க, இல்ல சிஸ்டர்?"

"சொன்னா வேற இடம் பாருங்க. கை நனையாமப் பாத்துக்கங்க."

யாரும் அப்படிச் சொல்லவில்லை. திங்கட்கிழமை கட்டுப் போட்ட கையோடு வந்து, இடது கையால் துடைத்துக்கொண்டிருந்தார். சார் வந்தார். மூடி திறந்திருந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. டவல் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, வாளியில் போட்டு, வாளியை இரண்டு முறை எண்ணினார்.

"மூடலாம் சார்."

அதற்குப் பிறகுதான் சார் மூடியில் கை வைத்தார். மன்னிப்பு, நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த நான்கு வருடமும் அப்படியேதான் நடந்தது. ஆனால் அந்தக் கார் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் டவல் தெருவில் இறங்கி, சத்தம் கேட்காமல் போகும்வரை நிற்பார். திரும்பி வந்து மறுபடி வாளியை எண்ணுவார். ஜன்னலிலிருந்து நானும் அவரோடு எண்ணுவேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் கார் வீடு திரும்பும்வரை எங்கள் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்காது.