கொடியில் இருந்த துப்பாக்கி

கறுப்பு மெழுகுக் கலரை அழுத்தித் தேய்த்தால் விரல் நுனி சூடாகும், தாள் மினுமினுக்கும், மெழுகுவர்த்தி வாசம் மூக்கில் ஏறும். ஆறாம் வகுப்பில் நான் மொசாம்பிக் நாட்டுக் கொடியை வரைந்த நாட்களை நினைத்தால் முதலில் அந்த வாசம்தான் வருகிறது. அதன் பின்னாலேயே அந்தப் பயமும் வந்துவிடும்.

அப்பா கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லில் பிட்டராக இருந்தவர். மில்லை மூடியதும், முந்திரி உடைக்கும் ஆலையில் மிஷின் பார்க்கிற வேலை என்று மொசாம்பிக் போய்விட்டார். அம்மா குச்சி அடுக்குகிற வேலைக்கு "தீப்பெட்டி ஆபீசு"க்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சியின் போனுக்கு அப்பா கூப்பிடுவார்; அவர் எங்களை நேரில் பார்க்கப்போகிற மாதிரி நானும் அம்மாவும் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு கடை வாசலில் போய் நிற்போம்.

சமூக அறிவியல் டீச்சர் ஆளுக்கொரு நாட்டுக் கொடியை வரைந்து அர்த்தம் எழுதச் சொன்னபோது நான் வேறெதை எடுப்பேன்? வகுப்புச் சார்ட்டில் அது தபால்தலை அளவுதான் இருந்தது. டீச்சர் தன் புத்தகத்தில் பெரிய படத்தைக் காட்டி, பச்சை என்றால் மண்ணின் வளம், கறுப்பு ஆப்பிரிக்கா, மஞ்சள் கனிமம், இடையில் ஓடும் வெள்ளைக் கோடுகள் சமாதானம், ஓரத்துச் சிவப்பு முக்கோணம் விடுதலைப் போராட்டம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். முக்கோணத்துக்குள் மஞ்சள் நட்சத்திரம், அதன்மேல் விரித்த புத்தகம், புத்தகத்தின்மேல் குறுக்கும் மறுக்குமாக மண் வெட்டுகிற ஒரு "மம்பட்டி"யும் ஒரு துப்பாக்கியும். "நாட்டைக் காக்கத்தாம்மா அது" என்று டீச்சர் முடிப்பதற்குள் பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன், "ஏட்டி, கொடியிலேயே துப்பாக்கி வச்சிருக்கானுவன்னா ஊருக்குள்ள எத்தனை வச்சிருப்பானுவ!" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அண்ணாச்சி, "லைன் கிடைச்சிருக்காது தாயி, அவிய நல்லாத்தான் இருப்பாவ" என்று ஒரு கடலைமிட்டாய் தந்தார். தின்னப் பிடிக்காமல் அதைக் கைக்குள்ளேயே வைத்திருந்து பிசுபிசுக்கவிட்டேன். அம்மாவுக்கு மட்டும் கொடியில் துப்பாக்கி இருக்கிற விஷயம் தெரிந்துவிடக் கூடாது என்று, தீப்பெட்டி லேபிள் ஒன்றிலிருந்து மயிலைக் கத்தரித்து, நோட்டில் நான் வரைந்திருந்த துப்பாக்கியின்மேல் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிட்டேன்.

அம்மா பார்த்தே விட்டாள். வேலை விட்டு வந்து, தீக்குச்சி "மருந்து" வாசம் போகாத கையால் நோட்டைப் புரட்டியவள், மயிலைப் பார்த்ததும், "துப்பாக்கிய எங்கட்டி?" என்றாள்.

உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்பாவின் வேலைக் காகிதம் ஒன்றில் அந்தக் கொடி அச்சடித்திருந்ததாம். பிள்ளை பயந்துவிடும் என்று அவள் அதை அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். "போகாதீயன்னுதான் ஒங்கப்பாட்ட சொன்னேன். புஸ்தகமும் மம்பட்டியும் ஒன் கண்ணுல படலையான்னு சிரிச்சாவ" என்றவள் அப்படியே அழுதுவிட்டாள். ஒரே துப்பாக்கியை ஆளுக்கொரு பக்கம் ஒளித்துக்கொண்டு இத்தனை நாள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

மூன்றாவது ஞாயிறு போன் வந்தது. அப்பாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "எப்பா, சுட்டுட்டாங்களா?" என்றுதான் கேட்டேன். "யாருட்டி சுடுதா? கொசுல்லா கடிச்சிட்டு" என்றார். மலேரியா. இரண்டு வாரமாக எழுந்திரிக்க முடியாத "காச்ச". குடியிருந்த வீட்டுக்கார அம்மாதான் நெற்றியில் ஈரத்துணி போட்டு, மக்காச்சோளக் கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தாராம்.

அந்த வீட்டுக்கார அம்மாவின் புருஷன் அந்நாட்டுச் சண்டையில் சுடப்பட்டுச் செத்தவர் என்பதை அப்பா ஊர் திரும்பிய பிறகுதான் சொன்னார். அவர் வீட்டுக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடத்தில் தினமும் அந்தக் கொடி ஏறுமாம். படத்தில் பார்த்தே நாங்கள் நடுங்கியதை, அந்த அம்மா தினம் வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

இப்போது யாரும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பதில்லை. நினைத்த நேரத்தில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். அப்பாவும் இல்லை. போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா திடீரென்று, "அந்தப் பொம்பள பேரு என்னட்டி?" என்று கேட்டாள். துப்பாக்கியைப் பற்றி அப்பாவிடம் ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறோம். அவர் உயிரைக் காப்பாற்றியவரின் பேரை நாங்கள் ஒரு நாளும் கேட்கவே இல்லை.