வென்டெல் பாடாமல் நின்ற இடம்

என் புருஷன் ராஸ்கோவை நான் முதலில் பார்த்தது டிராமில். பார்த்தது என்றுகூடச் சொல்ல முடியாது, கேட்டேன். ஓட்டுநர் இருக்கையிலிருந்து அவன் "லீஹை அவென்யூ" என்று சொன்னது என் செருப்பு வழியாக ஏறி முதுகுவரை வந்தது. நான் இறங்க வேண்டிய இடம் அதுதான். இறங்கவில்லை. அந்தக் குரலுக்காக நிறுத்தத்தைத் தவறவிட்ட பெண்கள் வடக்கு பிலடெல்பியாவில் பலர் உண்டு. அவனைக் கட்டிக்கொண்டு மாட்டிக்கொண்டவள் நான் மட்டும்தான்.

அந்தக் குரல் எனக்குப் புதிதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நான் பள்ளியில் படிக்கும்போது "சன்னலைச் சாத்தாதே" என்ற பாட்டு வானொலியில் ஓயாமல் வரும். காதலி வீட்டுச் சன்னலுக்குக் கீழே நின்று ஒருத்தன் கெஞ்சுகிற பாட்டு. கெஞ்சுகிறவன் வென்டெல். அவனுக்குப் பின்னால் "தூம் டு தூம்" என்று தரையோடு தரையாகப் போகிறதே, அது ராஸ்கோ.

இவர்கள் இருவரையும் சேர்த்து எங்கள் பேட்டைப் பையன்கள் ஐந்து பேர். வாத்தியம் வாங்க வக்கில்லை. பள்ளி விட்டதும் சுரங்க ரயில் நிலையத்துப் படிக்கட்டில் நின்று பாடுவார்கள். ஓடு பதித்த சுவர் என்பதால் சுமாராகப் பாடினாலும் அங்கே தேவாலயத்தில் பாடியது போல் கேட்கும். வென்டெல்லுக்கு அங்கே ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கடைசிச் சரணத்தில் "சாத்தாதே" என்று இழுத்துவிட்டு நிற்பான். அந்தச் சொல் சுரங்கத்துக்குள் போய்த் திரும்பி வந்து காதில் விழுந்த பிறகுதான் அடுத்த வரியை எடுப்பான்.

பாட்டைப் பதிவு செய்யக் கூப்பிட்ட இடம் ஒரு கட்டில் மேசைக் கடையின் மாடி. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். வென்டெல் வழக்கம்போல "சாத்தாதே" என்று இழுத்துவிட்டு நின்றான். எதிரொலி வரவில்லை. எப்படி வரும்? கம்பளி தின்றுவிட்டது. அவனோ வரும் வரும் என்று வாயைத் திறந்தபடி நிற்கிறான். ராஸ்கோவுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டதாம். பயத்தில் "ஊம்ம்ம்" என்று ஒரு முனகலை எடுத்து, பாதாளம்வரை இறக்கினான். அதைக் கேட்டுத்தான் வென்டெல் நினைவு வந்து அடுத்த வரியைப் பிடித்தான். பதிவு செய்தவர் இன்னொரு தரம் பாட விடவில்லை, அடுத்த குழு வாசலில் நிற்கிறது என்று அனுப்பிவிட்டார்.

அந்தத் தப்போடுதான் இசைத்தட்டு வந்தது. வானொலி அறிவிப்பாளர் என்ன சொன்னார் தெரியுமா? பாவம், பையனுக்குத் துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்றார். ஊரே நம்பியது. அந்த இடம் வந்தால் பெண்கள் அழுவார்கள். நானும் அழுதிருக்கிறேன்.

ராஸ்கோ இதை வைத்தே வென்டெல்லை முப்பது வருஷம் ஓட்டினான். "என்னடா, எதிரொலி வந்துருச்சா, இல்ல இன்னும் நிக்கிறியா?" என்பான். வென்டெல்லும் சிரிப்பான். ஆனால் எங்கள் வீட்டில் அந்தத் தட்டு சுழலும்போது, சரியாக அந்த இடத்துக்கு முன்னால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். நான் கவனித்திருக்கிறேன். ராஸ்கோ கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பாட்டு எங்கள் கையை விட்டுப் போய் ஊர் ஊராகச் சுற்றியது. எவர் எப்படிப் பாடினாலும் அந்த நிறுத்தத்தை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். ராஸ்கோவுக்கோ யார் பாடியதும் பிடிக்காது. தெற்கத்தி நாட்டுப்புறப் பாடகி ஒருத்தி மூக்கால் பாடினாள். "இந்தம்மா நிக்கிற நேரத்துல நான் எரி அவென்யூ வரைக்கும் டிராம ஓட்டிட்டுப் போய்த் திரும்பி வந்துருவேன்" என்றான். ஜமைக்காக்காரர்கள் ஆடி அசைந்து பாடினார்கள். "எல்லாம் சரி, என் எடத்துல எவன்டா கொட்டாவி விடுறான்?" என்றான். டிஸ்கோ வந்தபோது, "அங்க ஒருத்தன் அழுதுட்டு நிக்கிறான், எதுக்குடா கை தட்டுறானுங்க?" என்று கத்தினான். ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில் பாட்டு வெறும் வாத்தியமாக ஒலித்தது. இவன் குரல் வரவேண்டிய இடத்தில் புல்லாங்குழல். சாமான் வண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனான். பட்டாணியும் கோழியும் நான்தான் சுமந்து வந்தேன்.

பிறகு அவன் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பான் என்றார்கள். எடுத்தார்கள். ஆள் பிழைத்தான், குரல் போய்விட்டது. கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதை மறைக்கச் சின்னத் துணி. பேசுவதற்கென்று கைக்கடக்கமாக ஒரு கருவி கொடுத்தார்கள். தாடைக்குக் கீழே அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால் அது பேசும். சவர மெஷின் பேசினால் எப்படி இருக்கும், அப்படி. ஆஸ்பத்திரியில் அதை ஒரே ஒரு தரம் அழுத்திப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சமையலறை டிராயரில், டின் திறக்கிற சாமான்களோடு போட்டு மூடினான்.

அதன் பிறகு ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைகள் எழுதி அழிக்கிற பலகையில் எழுதிக் காட்டுவான். என்னைக் கூப்பிட மேசையைத் தட்டுவான். நான் லுவெல்லா. அவனுக்கு மட்டும் லூ. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஓரெழுத்தை இழுத்து இழுத்துக் கூப்பிட்டவன் மேசையைத் தட்டுகிறான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆத்திரம் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். எந்தக் குரலாக இருந்தாலும் சரி, அவன் என்னை ஒரு தரம் கூப்பிட்டால் போதும் என்றிருந்தது.

வென்டெல் சனிக்கிழமை தவறாமல் வருவான். ஒருநாள் சமையலறையில் என்னிடம் ரகசியமாகச் சொன்னான்.

"மிஸ் லுவெல்லா, இவன சமாதானப்படுத்திப் பிரயோஜனமில்ல. கோவப்படுத்தணும். கோவம் வந்தா இவனால வாய மூடிட்டு இருக்கவே முடியாது."

"எப்படிக் கோவப்படுத்துவ?"

"நம்ம பாட்ட எவனெவன் கெடுத்து வச்சிருக்கானோ, அத்தனையும் கொண்டாந்து போடுறேன்."

தபால் ஆபீசில் அவனோடு பார்சல் பிரிக்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்துக் கேசட் சேர்த்தான். அக்கார்டியன் வைத்த போல்கா நடன மெட்டில் ஒன்று வந்தது. கல்லூரி பேண்டு வாத்தியக்காரர்கள் அணிவகுத்து வாசித்தது வந்தது. எனக்கே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. ராஸ்கோ தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரிப்பான். பலகையில் "படுமோசம்" என்று எழுதிக் காட்டுவான். டிராயர் பக்கம் திரும்பவே மாட்டான். குளிர்காலம் போய் ஈஸ்டரும் போனது. எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது.

அந்தச் சனிக்கிழமை நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்துப் பையன்கள் கம்ப்யூட்டரில் போட்ட ஆட்டப் பாட்டு என்று ஒரு கேசட்டைப் போட்டான் வென்டெல். பாடுவது மனிதர் இல்லை, தாளம் தட்டுவது மனிதர் இல்லை. அந்த இடம் நெருங்கியது. வென்டெல் வழக்கம்போல எழுந்தான். ஆனால் தாளம் நிற்கவே இல்லை. "சாத்தாதே" முடிந்த அடுத்த நொடியே அடுத்த வரி வந்து உட்கார்ந்தது. வென்டெல் பாதி எழுந்தவன் அப்படியே நின்றான்.

"அப்பாடா" என்றான் மெல்ல. "என் தப்ப ஒருத்தனாவது சரி பண்ணிட்டான்."

அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. யாரையும் கோபப்படுத்தவும் சொல்லவில்லை. மனசாரச் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாற்காலி விழுகிற சத்தம். ராஸ்கோ என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டு வந்து டிராயரை இழுத்தான். டின் ஓப்பனர் தரையில் விழுந்தது. கருவியைக் கழுத்தில் தவறான இடத்தில் அழுத்தி, நகர்த்தி, மறுபடி அழுத்தினான்.

"அங்க. நிக்கணும்."

ஒரே சுருதி. ஏற்றமில்லை, இறக்கமில்லை. வென்டெல் அவன் பக்கம் திரும்பினான்.

"என்னடா சொன்ன?"

"நீ. நின்னதுதான்டா. பாட்டு."

"நான் எங்கடா நின்னேன்? திருதிருன்னு முழிச்சேன்."

"முழிச்சாலும். அதான் பாட்டு. தப்பு இல்ல."

முப்பது வருஷம் கேலி செய்த வாய். வென்டெல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். ராஸ்கோ விடவில்லை, பாடு என்று அவன் தோளைத் தட்டினான். கம்மிய குரலில் வென்டெல் கடைசிச் சரணத்தை எடுத்தான். "சாத்தாதே" என்று இழுத்துவிட்டு நின்றான். ராஸ்கோ கருவியை அழுத்தினான். டப்பாவுக்குள் மாட்டிய வண்டு போல ஒரு ரீங்காரம். வென்டெல் தன் சுருதியை விட்டுவிட்டு, அந்த ரீங்காரத்தின் சுருதியிலேயே அடுத்த வரியைப் பாடினான். நன்றாக இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். இல்லை. ஆனால் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

எனக்குக் கண் மறைத்தது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"லூ."

முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"லூ. மீன் கருகுது."

எனக்கு நன்றாகவே கேட்டது. கருகினால் கருகட்டும் என்று, காதில் விழாதவள் போல அப்படியே நின்றேன். அவன் இன்னொரு தரம் கூப்பிட்டான்.