பத்து லட்சத்து ஒன்று

"கைநாட்டு வைக்கிற வூட்லேர்ந்து வர்ற. கணக்குல இவ்ளோ மார்க் எப்டிம்மா வந்துச்சு? யாரப் பாத்து எழுதன?"

பதினொன்றாம் வகுப்பில் சேர உத்திரமேரூருக்கு வந்த அன்று கணக்கு ஆசிரியர் என்னிடம் கேட்டது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். முதல் குரூப்பில் யாரைச் சேர்ப்பது என்பதை அவர்தான் முடிவு செய்வார். அந்த குரூப் கிடைக்காவிட்டால் எனக்குக் கணக்குப் பாடமே இல்லை. யாரையும் பார்த்து எழுதவில்லை என்றேன்.

"அப்ப பத்து லட்சத்து ஒண்ணு பகா எண்ணா இல்லையான்னு நாளைக்கு கிளாசுக்கு வந்து சொல்லு. கரெக்டா சொன்னா சேத்துக்கறேன்."

காவாந்தண்டலம் திரும்பும் பஸ்ஸில் அந்த எண்ணை நினைத்துக்கொண்டே வந்தேன். 10,00,001. இரண்டு ஓரத்திலும் ஒன்று, நடுவில் வெறும் பூஜ்யங்கள். என்னை அலுக்கவைத்துத் துரத்தத்தான் இதைக் கொடுத்திருக்கிறார் என்று பட்டது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் இந்த எண்ணைப் பங்கு பிரிக்க முடியுமா என்று கேட்டேன்.

"இதுக்கா இம்மாம் யோசன?" என்றார் நைனா. "கடசீல ஒண்ணு கீது இல்ல, பங்கு போட முடியாது. அதுக்குத்தான் மொய்ல ஒண்ணு சேத்து வைக்கிறாங்க."

"ஆயிரத்தி ஒண்ண ஏழு பேர் பிரிச்சிக்கலாம் நைனா. ஆளுக்கு நூத்தி நாப்பத்தி மூணு."

"ஏழு பேரு சண்ட போடாம ஒக்காரணுமே."

ஊரே நம்பும் விஷயத்தை ஆயிரத்தொன்று பொய்யாக்குகிறது என்றால் பத்து லட்சத்து ஒன்றை மட்டும் எப்படி நம்புவது? வகுக்க ஆரம்பித்தேன். ஆயிரத்துக்குள் இருக்கும் பகா எண்களால் வகுத்தால் போதும். அதற்கு மேல் ஒரு காரணி இருந்தால் அதன் ஜோடி ஆயிரத்துக்குள் வந்தாக வேண்டும்.

மூன்றால் வகுத்தேன், மீதி இரண்டு. ஏழு, பதினொன்று, பதின்மூன்று எல்லாவற்றிலும் அதே இரண்டு. எங்கோ தப்பு செய்கிறேன் என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். இரண்டேதான். அப்புறம்தான் புரிந்தது: இரண்டு எண் முன்னால் நிற்கும் 9,99,999 இவை எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும்.

ஒன்று விடாமல் வகுத்துக்கொண்டே போய் நூற்றொன்றுக்கு வந்தபோது மீதி எதுவும் இல்லை. ஈவு 9901. அதையும் நான் நம்பவில்லை. 9,90,100-உடன் 9,901-ஐக் கூட்டினேன். 10,00,001 வந்தது.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

"யாரு கால்குலேட்டர்ல போட்டுக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல சார்."

"சரி, 9901 பகா எண்ணா?"

"பகா எண்தான் சார்."

"அதுக்குள்ள வகுத்துட்டியா?"

"வகுக்க வேணாம் சார். நூத்தி ஒண்ணுக்குக் கீழ இருக்கற எந்தப் பகா எண்ணும் பத்து லட்சத்து ஒண்ண வகுக்கல. 9901 அதோட காரணி. அத வகுக்கறது எதுவா இருந்தாலும் பெரிய எண்ணையும் வகுத்திருக்கும். 9901-க்கு நூறுக்குள்ள பாத்தா போதும், அத நேத்தே பாத்துட்டேன்."

அவர் சாக்பீஸை எடுத்து, போர்டு பக்கம் திரும்பி, 9901-ஐ ஏழால் வகுக்க ஆரம்பித்தார். வரவில்லை. பதினொன்று, பதின்மூன்று.

அவர் பதினேழுக்குப் போவதற்குள் நான் பெண்கள் வரிசையின் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன்.