சீப்பாக ஒரு கல்யாணம்

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெரியவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கல்யாணத்தைச் சீப்பாவே முடிச்சிருவோம். நகை, சீர் எதுவும் வேண்டாம்." தொண்ணூறுகளின் தொடக்கம். அக்காவைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு வந்திருந்த பையனின் அப்பா அவர். கதவுக்குப் பின்னால் அக்கா சிரித்ததைப் பார்த்தேன். அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

அப்பாவின் அக்காவான அவளைக் கேட்காமல் எங்கள் வீட்டில் எதுவும் நடக்காது. சல்லிசு என்று சொல்லிவந்த இடத்தில் சீப் வந்து உட்கார்ந்த காலம் அது. சேலை சீப் என்றால் அத்தை அதை வெளிச்சத்தில் பிடித்து இழை பார்ப்பாள். தக்காளி சீப் என்றால் கூடையின் அடியில் கைவிடுவாள். பெரும்பாலும் ஏதாவது குறை அகப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

வந்தவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் ஆரம்பித்தாள். "சீப்பாக் குடுக்க இது என்ன வாழைப்பழமா? ஒண்ணும் வேண்டாங்கான்னா உள்ள என்னமோ இருக்குலே."

"நல்ல மனுசங்களா இருக்கக் கூடாதாக்கா?" என்றார் அப்பா.

"அம்புட்டு நல்லவன் நம்ம வீட்டுக்கு எதுக்கு வாரான்?"

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள். பையனின் தெருவில் பால்கோவா வாங்குவதுபோல நின்று, அவனுக்கு வலிப்பு உண்டா, எங்கேயாவது தொடுப்பு உண்டா என்று கடைக்காரம்மாவிடம் விசாரித்திருக்கிறாள். அந்தம்மா பால்கோவாவுக்குக் காசு வாங்கவில்லை. "அதுவே எனக்குச் சரியாப் படலை" என்றாள் அத்தை. அந்தக் கடைக்காரம்மா பையனின் சித்தி என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த நாள் பையனின் அம்மா வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "மதினி, கல்யாணத்தைத்தான் சீப்பா நடத்தக் கேட்டோம். நீங்க இம்புட்டுச் சீப்பா நடந்துக்குவீகன்னு நெனைக்கலை."

"பாத்தியா, வாயைத் தொறந்ததும் தெரிஞ்சுபோச்சு" என்றாள் அத்தை, அவர் போன பிறகு. அக்கா அன்று சாப்பிடவில்லை.

பின்னாளில் செய்தித்தாள் வேலையில், பொருளுக்கு மலிவு, ஆளுக்கு மட்டம் என்று பிரித்து எழுதப் பழகினேன். சீப் என்ற சொல்லுக்கு அந்தச் சிரமம் இல்லை.

அடுத்து வந்த வரன் பக்கத்து ஊர். அவர்கள் நகை, பாத்திரம், ஸ்கூட்டர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அத்தையின் முகம் தெளிந்தது. யாரையும் விசாரிக்க அவள் பஸ் ஏறவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அவர்கள் கேட்பதை நிறுத்தவில்லை. ஒரு பொங்கலுக்கு அக்கா, போட்டனுப்பிய வளையல்களையெல்லாம் அவர்கள் வாங்கிக்கொள்ள, வெறுங்கையோடு வந்து நின்றாள். அத்தை அவளைப் பார்க்காமல் சொன்னாள்: "இருந்தாலும் அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன்ட்ட என்னமோ இருந்திருக்கும்ட்டி."

"இருந்தா இருந்துட்டுப் போகுது அத்தை" என்றாள் அக்கா.