அர்செல்லா போட்ட வெற்று ஓட்டு

அவள் மன்னித்துவிட்டாள், பெரிய மனசுக்காரி என்று எழுத ஆசைப்படுகிறவர்கள் வேறு பெண்ணைத் தேடிக்கொள்ளட்டும். மிசிசிப்பி டெல்டாவில் கெளுத்தி மீன் வளர்த்த அர்செல்லா பிராட்நாக்ஸ், நான்கு வருடம் வஞ்சம் வைத்துக் காத்திருந்தவள்.

1995இல் மாநில விவசாய ஆணையர் பதவிக்கு அவள் நின்றாள். கறுப்பர் யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. "போஸ்டர்ல உங்க படம் வேண்டாம்க்கா, பேரு மட்டும் போதும்" என்றார்கள் கூட இருந்தவர்கள். கசப்போடுதான் ஒத்துக்கொண்டாள். வடக்கே மலைப்பக்கத்து வெள்ளைக்காரர்கள், அவள் கறுப்பி என்று தெரியாமலே, அந்தப் பேர் எழுதிய பலகையை வாசலில் நட்டுவைத்தார்கள். கட்சியின் உட்தேர்தலில் மூன்று பேரில் அவள்தான் முதல். ஆனால் பாதி ஓட்டைத் தாண்டவில்லை. மூன்று வாரத்தில் முதல் இருவருக்கும் இரண்டாம் சுற்று.

மூன்றாவதாக வந்த வெள்ளைக்காரன் டால்டன் விட்செட் அவள் வீட்டுக்கே வந்தான். "கவலைப்படாதே அர்செல்லா, என் ஆளுங்க ஓட்டெல்லாம் உனக்குத்தான்" என்று கையைக் குலுக்கினான். தன் அம்மா வயதுக்காரியைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டான்.

அடுத்த வாரம் மலைப்பக்கத்து வீடுகளுக்கு ஓர் அட்டை தபாலில் வந்தது. அதில் அர்செல்லாவின் படம் மட்டும். ஒரு பொய் இல்லை, ஒரு வசவு இல்லை. அனுப்பியவர்கள் விட்செட்டின் ஆட்கள். பலகையை நட்டவர்களே இரண்டு நாளில் அதைப் பிடுங்கி எறிந்தார்கள். விட்செட்டோ அவளுடைய எதிராளியின் பக்கத்தில் நின்று, "மாநிலம் முழுக்க ஜெயிக்கக்கூடிய ஆளு வேணும்ல" என்று தொலைக்காட்சியில் இளித்தான். அவள் தோற்றாள். வயிறு எரிந்தது. ஒரு நாள்கூட அது அணையவில்லை.

1999இல் அதே பதவிக்கு, அதே இரண்டாம் சுற்றில், விட்செட் நின்றான். மறுபடி அவள் வீட்டு மேசையில் வந்து உட்கார்ந்தான்.

"மிசஸ் பிராட்நாக்ஸ், உங்க ஜனங்க ஓட்டு இல்லேன்னா நான் அவ்வளவுதாம்மா. எதிர்ல நிக்கிறவன் உங்களுக்கும் ஆகாதவன், தெரியும்ல?"

"தெரியும். மீனு ஆறிடும், சாப்பிடுங்க."

மூன்று துண்டு தின்றுவிட்டுப் போனான்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. எதிராளி இவனைவிட மோசம். அர்செல்லாவின் தங்கை ஓசி அதைத்தான் பிடித்துக்கொண்டாள். "இவன் தோத்தா நமக்குத்தாங்க்கா கஷ்டம்."

"கஷ்டம் நமக்குப் புதுசாடி?"

"அப்ப பேசாம வீட்டுலயே இருந்துடுவோம்."

"வீட்டுலயா? ஓட்டுப் பட்டியலுக்குப் பேரு எழுதிக்கொடுத்தாருன்னு நம்ம அப்பாவை வேலையை விட்டுத் துரத்துனாங்க, மறந்துட்டியா? ஒருத்தர் பாக்கியில்லாம போறோம். வரிசையில நிக்கிறோம். சீட்டை வாங்கி, ஒண்ணும் குறிக்காம பொட்டியில போடுறோம்."

ஞாயிற்றுக்கிழமை கறுப்பர்களின் எட்டு தேவாலயங்களுக்குச் செய்தி போனது.

செவ்வாய்க்கிழமை ஆகஸ்ட் வெயிலில் தலைக்குத் தொப்பி, கைக்கு விசிறியோடு ஜனம் வந்து நின்றது. அன்றைக்குச் சீட்டில் அந்த ஒரு பதவிதான். வெற்றுச் சீட்டை நுழைத்ததும் எண்ணும் இயந்திரம் கீச்சென்று கத்தி அதை வெளியே தள்ளியது.

"நீங்க எதையும் குறிக்கலையேம்மா?" என்றாள் அதற்குக் காவலாக உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பெண்.

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. அப்படியே உள்ள தள்ளு" என்றாள் அர்செல்லா.

பின்னால் நின்றவரும் அதையே சொன்னார். அவருக்குப் பின்னால் நின்றவரும். மத்தியானத்துக்குமேல் அந்தப் பெண் கேட்பதையே விட்டுவிட்டாள். இயந்திரம் மட்டும் சாயங்காலம்வரை கத்தியது. அவ்வளவு இனிப்பான சத்தத்தை அர்செல்லா அதுவரை கேட்டதில்லை.

விட்செட் இரண்டாயிரத்து நூறு ஓட்டில் தோற்றான். அர்செல்லாவின் மாவட்டத்தில் மட்டும் விழுந்த வெற்றுச் சீட்டு இரண்டாயிரத்து எண்ணூறு.

மறுநாள் காலை போன் பண்ணினான். "அந்த ஆளை ஜெயிக்க வச்சிட்டீங்களே. உங்களுக்கு என்ன கிடைச்சுது?"

"ஒண்ணும் கிடைக்கலை. என்னை யாருன்னே தெரியாம வேண்டாம்னாங்க, விட்செட்டு. உன்னை எங்களுக்கு நல்லாத் தெரியும்."