என் பெயரில் வேலைக்குப் போனவன்

திருநெல்வேலி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா என் பெயரையும் அப்பா பெயரையும் இரண்டு தடவை கேட்டார். பிறகு ஒரு தடித்த நோட்டைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உமக்குத்தான் வேலை கெடச்சுப் போச்சே வே. ஒண்ணரை வருசம் ஆச்சு. பெறகு எதுக்கு இங்கன வந்து நிக்கீரு?"

என்ன வேலை என்று கேட்டேன். வடக்கே ஒரு ஜில்லாவில், அரசாங்க அலுவலகம் ஒன்றில் ரெக்கார்டு கிளார்க் என்றார். நான் போகவில்லையே என்றேன். "போகாமத்தான் கையெழுத்துப் போட்டுச் சேந்திருக்கீரா?" என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. நான்தான் எதையோ மறந்துவிட்டேனோ என்று யோசித்தேன். அந்த ஒன்றரை வருடத்தில் எங்கெங்கே போனேன், எத்தனை நாள் லீவு போட்டேன் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே சங்கரன்கோவில் பஸ்ஸில் திரும்பி வந்தேன். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் நான் ஆலையில்தான் இருந்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், சங்கரன்கோவிலில் பருத்தி அரைக்கும் ஜின்னிங் ஆலை ஒன்றில், வந்துபோகும் வண்டிகளுக்குக் கேட் நோட்டு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் குருவிகுளம் பக்கம். மழை பெய்தால் பருத்தி, இல்லாவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். வீட்டில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி என்னிடம் கேட்டது எஸ்.எஸ்.எல்.சி. மார்க்குப் புத்தகத்தைத்தான். எங்கள் பக்கம் அது வழக்கம். புத்தகம் அவருடைய இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டால் ஆள் ஓடமாட்டான் என்று முதலாளிக்கு நிம்மதி. வேலை நிலைத்துவிட்டது என்று நமக்கு நிம்மதி. அப்பா அதை இரண்டு கையாலும் கொடுத்தார். ஊருக்குப் போய், "புத்தகத்தை வாங்கி உள்ள வச்சுக்கிட்டாரு" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார்.

என் சமர்த்து அத்தோடு நிற்கவில்லை. எங்கள் ஊருக்குத் தபால்காரர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார் என்று, வேலைக்குப் பதிந்தபோது ஆலையின் விலாசத்தைக் கொடுத்திருந்தேன். திருநெல்வேலிக்கு ஆள் போகும்போது வேலைவாய்ப்பு அட்டையையும் புதுப்பித்துத் தருகிறேன் என்று முதலாளி சொன்னார். அதையும் எடுத்துக் கொடுத்தேன். ஒரு மனுஷனைத் திருட என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் நானே கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு கும்பிடும் போட்டிருக்கிறேன். அட்டை திரும்பி வராததால்தான் அன்றைக்கு நேரில் போய் விசாரித்தேன்.

மறுநாள் காலையில் முதலாளி முன்னால் போய் நின்றேன். பருத்தியைப் பிய்த்து இழை பார்த்துக்கொண்டிருந்தார். மறுப்பார், சத்தம் போடுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவர் மறுக்கவே இல்லை.

"அக்கா மகன் நாலு தரம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிட்டான். கணக்கு வர மாட்டேங்கு. அந்த நேரம் பாத்து உம் பேருக்கு இண்டர்வியூ கார்டு வந்துது. நீதான் இங்கன நல்லா இருக்கியே. அதான் அவனை அனுப்பிட்டேன்."

"அது என் பேருல்லா முதலாளி?"

"பேருதான போயிருக்கு. நீ போகலையே."

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொன்றும் சொன்னார். "உனக்குக் கட்டாயம் வேற பேரு வேணும்னா அவன் பேரை வச்சுக்கோ. சும்மாத்தான கெடக்கு."

கேலியாகச் சொல்லவில்லை, மெய்யாகவே ஒரு யோசனையாகத்தான் சொன்னார். இதுதான் என்னை ரொம்பக் குழப்பியது. கெட்டவர் என்றால் திட்டிவிட்டு வந்திருப்பேன். எனக்குக் காய்ச்சல் கண்டபோது தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன மனுஷர் அவர். மறுபடியும் கேட்டுக்குப் போய் நோட்டைத் திறந்தேன். அடியில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கொஞ்ச நேரம் பேனா ஓடவில்லை.

புத்தகத்துக்கு நகல் கேட்டு, படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியர் ஒரு மனு எழுதிக் கொடுத்து மேல் அதிகாரியிடம் அனுப்பினார். அப்போதெல்லாம் புத்தகத்தில் போட்டோ கிடையாது. ஆள் இன்னார் என்பதற்கு அங்க அடையாளம் இரண்டு எழுதியிருக்கும். அதிகாரி பள்ளிப் பதிவேட்டை வாசித்துவிட்டு என் சட்டைக் கையை மடக்கச் சொன்னார். வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது முழங்காலில் ஒரு தழும்பு என்று அதில் எழுதியிருந்தது. என்னிடம் இரண்டும் இல்லை.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்களை வரிசையாக நிறுத்தி அடையாளம் எழுதிய வாத்தியாருக்குப் பாதியிலேயே அலுத்துவிட்டது. "எல்லாவனுக்கும் எங்கயாவது ஒரு மச்சம் இருக்கத்தான செய்யும்" என்று சொல்லி, எங்கள் பெஞ்சு முழுக்க ஒரே மச்சத்தையும் ஒரே தழும்பையும் எழுதினார். அன்றைக்குச் சீக்கிரம் விட்டுவிட்டார் என்று நாங்கள் குதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினோம். இதை அதிகாரியிடம் சொன்னேன். ஆளை நிரூபிக்க வந்துவிட்டு அரசாங்கப் பதிவேடே பொய் என்கிறாயா என்றார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

இதை ஆலைக் கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். "அந்தப் பயலுக்கு வலது கையில மச்சம் உண்டு வே" என்றார். பேர், ஊர், மார்க்கு, மச்சம் எல்லாம் அவனிடம் சரியாக இருக்கிறது. என்னிடம் நான் மட்டும் இருக்கிறேன்.

அந்த வருடமே ஆலையை விட்டு நின்று, சங்கரன்கோவிலிலேயே ஓர் இரும்புக் கடையில் சேர்ந்தேன். புத்தகம் கேட்காத கடை அது. ஆனாலும் வருடத்துக்கு ஒரு மனு எழுதிப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். என்றைக்காவது ஒருவர் அதை ஒழுங்காக வாசிப்பார், என் பெயர் என்னிடம் வந்துவிடும், வயது வரம்பு தாண்டுவதற்குள் அந்தப் பெயரில் ஒரு வேலையும் வரும் என்று இருந்தேன். நடுவில் ஒரு நாள் கணக்கப்பிள்ளை தெற்கு ரத வீதியில் என்னைப் பிடித்து, "உமக்குப் பிரமோசன் ஆயிருக்கு வே" என்றார். ஒரு விநாடி எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

எண்பதுகளில் ஒரு கோடைக்காலம். முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை எங்கள் ஊருக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. அக்கா மகன் மஞ்சள்காமாலையில் இறந்துபோனான் என்றார். மனைவியும் ஐந்து வயதுப் பெண் குழந்தையும் அங்கேயே வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குடும்பப் பென்ஷன் வாங்க வாரிசுச் சான்றிதழ் கிடைக்க வேண்டுமானால் சொந்த ஊரில் விசாரணை நடக்கும். வேலைப் பதிவில் சொந்த ஊர் எங்கள் ஊர். தகப்பனார் என் அப்பா.

"அண்ணாச்சி, ரெவின்யூ ஆர்.ஐ. வந்து கேப்பாரு. உம்ம மகன் செத்துட்டான்னு ஒரு வார்த்தை சொல்லணும். நீரு இல்லன்னா அந்தப் பிள்ளைக்குச் சோத்துக்கு வழியில்ல. அதுக்கு இனிஷியலே உம்ம மகன் பேருதான்."

அப்பாவை அவர் அண்ணாச்சி என்று கூப்பிட்டதை அன்றுதான் கேட்டேன். "என் பேரை எடுத்தீக. இப்ப அதைக் கொல்லவும் என் அப்பாதான் வேணுமா?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் போன பிறகு நான் அப்பாவிடம் சொன்னேன்: "நீங்க ஆமான்னு சொன்னா என் மனுவெல்லாம் செத்தவன் எழுதுனது ஆயிரும். பெறகு அந்தப் பேரோட எந்த ஆபீசுக்குள்ளயும் நான் நுழைய முடியாது." அப்பா தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆர்.ஐ. எட்டு நாள் கழித்து வந்தார். வேப்பமர நிழலில் கட்டிலைப் போட்டு உட்கார வைத்தோம். நான் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குடித்துவிட்டுத் தாளை விரித்து, என் பெயரை முழுதாக வாசித்தார்.

"இவர் உம்ம மகன்தான, பெரியவரே? இறந்துட்டாரா?"

அப்பா கீழே மண்ணைப் பார்த்துக்கொண்டு, "ஆமாய்யா, செத்துட்டான்" என்றார்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. ஆர்.ஐ. பேனாவை நிறுத்தி, மரியாதைக்காகக் கொஞ்சம் காத்திருந்தார். அந்த அழுகை தகப்பனை இழந்த அந்தப் பெண்பிள்ளைக்காகவா, எனக்காகவா, யாருக்காக என்று நான் அம்மாவிடம் கடைசிவரை கேட்கவில்லை. எழுதி முடித்துவிட்டு ஆர்.ஐ. என்னைப் பார்த்தார்.

"இது யாரு?"

எனக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. அப்பா என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "இவன் எளையவன்" என்றார். நான் வெறுஞ்செம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

ஆர்.ஐ.யின் சைக்கிள் தெரு திரும்பியதும் அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போனார். வேட்டியோடு நின்று, வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் குளிக்காமல் வீட்டுக்குள் வரக்கூடாது. நான் பின்னாலேயே போனேன்.

"யாருக்குப்பா குளிக்கீக? அவனுக்கா, எனக்கா?"

முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமலே அப்பா என்னைப் பார்த்தார். "எனக்கும் தெரியலைலே" என்று சொல்லிவிட்டு, வாளியை என் கையில் கொடுத்தார்.

நானும் ஊற்றிக்கொண்டேன்.